ரஸ்தாவில் ஒலித்த குரல்: டி.ஆர். மகாலிங்கம் ஆவணப்படம் செய்த அனுபவம்

பாடி நடித்த நட்சத்திரம் ஒருவரின் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுக்கப் புறப்படுபவர், முதலில் அவருடைய குரலைச் சரியான சுருதியில் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். புகைப்படங்களும் பேட்டிகளும் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தால் போதும். டி.ஆர். மகாலிங்கத்தைப் பற்றி அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஆவணப்படம் ஒன்றைக் காரைக்குடியில் இருந்தபடியே நாங்கள் மூவர் செய்து முடித்திருக்கிறோம். ஒருவர் பள்ளித் தமிழாசிரியர்; இன்னொருவர் கல்யாண வீடியோ எடுப்பவர்; நான் பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவன். இந்தப் பதிவில் ஒலியைப் பற்றிய பேச்சே மிகுதியாக இருக்கும், ஏனென்றால் எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் போனது.

மகாலிங்கம் 1924இல் சோழவந்தானை அடுத்த தென்கரையில் பிறந்தவர். மேடையில் பாடிப் பழகிய அந்தச் சிறுவன் 1938இல் 'நந்தகுமார்' படத்தில் கண்ணனாக நடித்தார். 1945இல் வந்த 'ஸ்ரீவள்ளி' அவரை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. இரண்டு படங்களுக்கும் பின்னால் இருந்தவர் காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். அவர் 1940களின் நடுவில் தேவகோட்டை ஜமீன்தாரின் இடத்தை வாடகைக்கு எடுத்து, தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகைகள் போட்டு ஸ்டுடியோ நடத்தினார். அங்கே உருவான 'நாம் இருவர்' (1947), 'வேதாள உலகம்' (1948) ஆகிய இரண்டு படங்களிலும் மகாலிங்கம்தான் கதாநாயகன். 1948இல் ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. ஏவிஎம் இங்கே தொடங்கியது என்பதை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அந்தக் கொட்டகையில் கேமராவுக்கு முன்னால் நின்றவர் யார் என்று கேட்டால் பெரியவர்களே யோசிக்கிறார்கள். படம் எடுக்க நினைத்ததற்கு அதுவே காரணம்.

இப்படிப்பட்ட ஆவணப்படங்களில் எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. பாட்டு தொடங்கியதும் அதன் ஒலியைத் தாழ்த்திவிட்டு, 'இன்னார் இன்ன ஆண்டில் பிறந்தார்' என்று ஒரு கனத்த குரல் பேசத் தொடங்கிவிடும். பாடகரின் வாழ்க்கையைச் சொல்வதற்காகப் பாடகரையே வாய்மூட வைக்கும் வேலை அது. ஆகவே ஆரம்பத்திலேயே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: மகாலிங்கம் பாடும்போது வேறு எவரும் பேசக்கூடாது. 1945, 1958, 1965 என மூன்று காலங்களின் குரல்களைத் தூண்களாக நிறுத்தி, மற்ற செய்திகளை அவற்றுக்கு இடையில் வைப்பது என்று முடிவாயிற்று. விதி வைப்பது எளிது. அந்தக் குரல்கள் கேட்கத்தக்கவையாக இருக்க வேண்டுமே, அதுதான் பாடாய்ப் படுத்தியது.

தட்டுகள் கிடைப்பதில் எங்கள் ஊருக்கு ஒரு வசதி உண்டு. மெய்யப்பச் செட்டியாரின் தந்தை ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் நடத்திய ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையிலேயே கிராமபோன் தட்டுகள் விற்றிருக்கிறார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் வீடுகளில் கிராமபோன் பெட்டி இல்லாத வீடு குறைவு. அந்த வீடுகள் பாகம் பிரிந்து சாமான்கள் வெளியே வரும்போது, மரத்தூணும் கதவும் எனாமல் பாத்திரமும் போலவே தட்டுகளும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. அங்கே தட்டை வாங்குபவர்கள் பெரும்பாலும் சுவரில் அழகுக்கு மாட்டத்தான் வாங்குகிறார்கள் என்பதால், கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கடைக்காரர் நம்மை வேடிக்கையாகப் பார்ப்பார். பார்க்கட்டும். தட்டை நேராகப் பிடித்தால் எல்லாத் தட்டும் கறுப்பாகப் பளபளக்கும். கண் மட்டத்தில் சாய்த்தால்தான் தேய்ந்த பள்ளங்கள் சாம்பல் பூத்தாற்போல் வெளிறித் தெரியும். அந்த வெளிறல் பாட்டின் உச்சங்கள் வருமிடத்தில் பட்டையாக இருந்தால், எஃகு ஊசி அங்கே பள்ளத்தின் சுவரை அறுத்திருக்கிறது என்று பொருள். அத்தகைய தட்டை வாங்கிப் பயனில்லை.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டின், அதாவது 78 சுற்றுத் தட்டின், மூலப்பொருள் அரக்கு. அதனால் அதைக் கழுவுவதற்குச் சாராயச் சத்துள்ள எந்தத் திரவத்தையும் பயன்படுத்தக்கூடாது. அரக்கு சாராயத்தில் கரையும். வினைல் தட்டுக்கென்று கடையில் விற்கும் துப்புரவுத் திரவங்கள் சிலவற்றில் அது கலந்திருக்கும் என்பதால் புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஊற்றக்கூடாது. காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்புத் திரவம் ஓரிரு துளிகள் விட்டு, மிருதுவான தூரிகையால் பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் தேய்த்து, நடுவில் உள்ள காகித லேபிளில் ஈரம் படாமல் கழுவினோம். சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றி எங்களுக்குள்ள பெருமை ஊரறிந்தது. ஆனாலும் தட்டுக்கு அது ஆகாது, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் ஏற்றது. குழாய்த் தண்ணீர் எவ்வளவு சுவையாக இருந்தாலும் உலர்ந்த பின் உப்பைப் பள்ளத்தில் விட்டுவிடும். அந்த உப்பை ஊசி ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று சொல்லிக்காட்டும். கழுவிய தட்டைப் பருத்தித் துணியின்மேல் நிமிர்த்தி வைத்து நிழலில் உலர்த்த வேண்டும்.

வளைந்து போன தட்டுகள் சில இருந்தன. இரண்டு தடித்த கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவில் தட்டை வைத்து, முற்றத்து வெயிலில் கண் எடுக்காமல் காத்திருந்து, அரக்கு இளகித் தட்டு தானாகப் படிந்ததும் நிழலுக்கு மாற்றி, மேலே பாரம் வைத்து ஆறவிட்டோம். சித்திரை வெயிலில் இதைச் செய்வதைவிடத் தை, மாசி வெயிலில் செய்வது பாதுகாப்பு. வேகம் தேவையில்லாத வேலை. அவசரப்பட்டுக் கையால் அழுத்தினால் தட்டு இரண்டாகும்.

வீட்டில் சாவி கொடுத்துச் சுழலும் கிராமபோன் பெட்டி இருக்கிறதே, அதிலேயே போட்டு ஒலிவாங்கியை முன்னால் வைத்துவிடலாமே என்று வீடியோ நண்பர் கேட்டார். காட்சிக்கு அது அழகுதான். படத்தில் அப்படி ஒரு காட்சியும் வைத்திருக்கிறோம், ஆனால் வேறொரு உதவாத தட்டைச் சுழலவிட்டு எடுத்தது அது. அந்தப் பெட்டியின் ஒலித்தலை 100 கிராமுக்கு மேல் பாரத்தை எஃகு ஊசியின் முனையில் வைத்துத் தட்டை அழுத்துகிறது. ஒரு பக்கம் ஓடியதும் ஊசியை மாற்ற வேண்டும் என்பதே அக்காலத்து விதி. மின்சாரச் சுழல்மேடையில் 78க்கான ஊசி 3 முதல் 5 கிராம் பாரத்தில் ஓடுகிறது. முக்கியமானது ஊசியின் பருமன். பின்னாளில் வந்த, நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டுக்கான ஊசிமுனை ஏறக்குறைய 25 மைக்ரான்; 78 தட்டின் பள்ளத்துக்கு 76 மைக்ரான் அளவு வேண்டும். மெல்லிய ஊசி அகன்ற பள்ளத்தின் அடித்தரையில் கிடந்து அங்குள்ள தூசியையும் துகளையும் மட்டுமே கேட்கும். குரல் எழுதப்பட்டிருக்கும் பக்கச் சுவர்களை அது தொடுவதே இல்லை. 'பழைய தட்டு என்றாலே இரைச்சல்தான்' என்று பலர் சொல்வதற்குத் தட்டைவிட ஊசியே பெரும்பாலும் காரணம்.

ஸ்டீரியோ ஊசித்தலையால் இடது, வலது என இரண்டு தடங்களாகப் பதிவு செய்து, பிறகு இரண்டையும் ஒன்றாகக் கூட்டினோம். 78 தட்டில் ஒலி பக்கவாட்டு அசைவாக மட்டுமே எழுதப்பட்டிருப்பதால், கூட்டும்போது குரல் வலுப்பெறும். மேலும் கீழுமாகத் துள்ளுவதால் வரும் சத்தம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஒரு பக்கச் சுவர் மட்டும் மிகவும் தேய்ந்திருந்த தட்டுகளில் கூட்டாமல் நல்ல சுவரின் தடத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒலிபெருக்கியின் ஃபோனோ துளையில் இணைத்தால் அது ரியா (RIAA) எனப்படும் ஒலிச் சமன்பாட்டை, அதாவது அடித்தொனியைக் கூட்டி உச்ச ஒலிகளைக் குறைக்கும் மாற்றத்தை, நாம் கேட்காமலேயே போட்டுவிடும். அந்தச் சமன்பாடு 1950களின் நடுவில்தான் பொதுவழக்குக்கு வந்தது. 1945ஆம் ஆண்டுத் தட்டின்மேல் அதைப் போட்டால் உச்ச ஒலிகள் அடங்கி, பாடகர் போர்வைக்குள் இருந்து பாடுவது போல் மந்தமாகிவிடும். ஆகையால் சமன்பாடு எதுவும் இல்லாமல் நேரடியாகப் பதிவெடுத்து, அடித்தொனியைக் கணினியில் பின்னர் கூட்டினோம். மகாலிங்கத்தைப் போல மேல் ஸ்தாயியில் நின்று சஞ்சரிக்கும் குரலுக்கு இந்த ஒரு மாற்றமே போதும், தட்டு புதிதாகிவிட்டதோ என்று தோன்றும்.

அடுத்தது வேகம். தட்டில் 78 என்று அச்சிட்டிருந்தாலும் சுழல்மேடை உண்மையில் எத்தனை சுற்று ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நம் நாட்டில் 77 கோடுகள் போட்ட வட்ட அட்டையைத் தட்டின்மேல் வைத்து விளக்கொளியில் பார்த்தால், கோடுகள் அசையாமல் நிற்கும்போது வேகம் நிமிடத்துக்கு 77.92 சுற்று. இப்போதைய எல்இடி விளக்குகள் பலவற்றின் ஒளி மின்சாரத்தோடு சேர்ந்து துடிப்பதில்லை; அவற்றின் கீழ் கோடுகள் எப்போதும் மங்கலாகவே ஓடும். அதற்காகப் பரணில் கிடந்த பழைய குண்டு பல்பைத் தேடி எடுத்தோம். 78க்குப் பதில் 80 சுற்றில் ஓடினால் சுருதி கால் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். காதுக்குத் தனியாகத் தெரியாது. ஆர்மோனியத்தோடு வைத்துப் பார்த்தால் உடனே உறுத்தும்.

தட்டைவிடப் பெரிய சிக்கல் படத்தின் பிரதியில் இருந்தது. 'ஸ்ரீவள்ளி'யின் பழைய விசிடி ஒன்றில் இருந்து காட்சியை எடுத்து, அதில் வரும் 'காயாத கானகத்தே' பாட்டை ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்தபோது, குரல் எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை. இரண்டு கட்டைகளுக்கு இடையில் அந்தரத்தில் நின்றது. காரணம் எளியது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்); நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை நொடிக்கு 25. படச்சுருளை வீடியோவாக மாற்றுகிறவர்கள் வசதிக்காக 24 சட்டங்களை 25 ஆகவே ஓட்டிவிடுவது வழக்கம். அப்போது எல்லாமே 4 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலான வேகத்தில் ஓடும்: 3 நிமிடப் பாட்டு 2 நிமிடம் 53 நொடியில் முடியும், சுருதி, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் உள்ள இடைவெளியில் ஏறக்குறைய முக்கால் பங்கு மேலே போய்விடும். இயல்பாகவே உச்சத்தில் பாடும் ஒருவரின் குரல் இன்னும் மெல்லியதாக, சற்றுக் கீச்சென்று, அவசரக் குரலாக மாறிவிடுகிறது. அவருடைய பழைய பாட்டுகளைக் கேட்டு 'இது என்ன, பெண் குரல் போல' என்று முகஞ்சுளிக்கும் இளைஞர்களில் பலர் அவர் பாடாத சுருதியைக் கேட்டுத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

இப்படி வேகம் கூட்டப்பட்டிருக்கிறதா என்பதைக் கண்டறியக் காதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. காட்சியைத் தொகுப்பு மென்பொருளில் சட்டம் சட்டமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். 24 சட்டங்களுக்கு ஒருமுறை ஒரு சட்டம் இரட்டித்து வந்தால், மாற்றியவர் வேகத்தைக் காப்பாற்றியிருக்கிறார். எங்குமே இரட்டிப்பு இல்லாமல் ஒவ்வொரு சட்டமும் புதிதாக வந்தால் வேகம் கூடியிருக்கிறது. எங்களிடம் இருந்த பிரதி இரண்டாவது வகை. ஆகவே காட்சி, ஒலி இரண்டையும் சேர்த்து 96 சதவீத வேகத்துக்குக் குறைத்தோம். ஆடாசிட்டியில் இதற்கு இரண்டு கருவிகள் உண்டு. சுருதியை விட்டுவிட்டுக் காலப்பிரமாணத்தை மட்டும் மாற்றுவது ஒன்று, வேகத்தையே மாற்றுவது மற்றொன்று. வேண்டியது இரண்டாவது. மாற்றிய பிறகு ஆர்மோனியத்தை மீண்டும் வைத்துப் பார்த்தால், குரல் கட்டையில் வந்து உட்கார்ந்தது. அந்தப் பாட்டில் நீண்ட அசைவு ஒன்று முடிந்து மூச்சு வாங்கும் இடம், அதற்கு முன்பு வெறும் வெட்டாகக் கேட்டது; இப்போது மூச்சாகவே கேட்டது. இரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிடும் சிறு பகுதியை, எந்த விளக்கமும் இல்லாமல், திரையில் '25' என்றும் '24' என்றும் எண்ணை மட்டும் காட்டிப் படத்திலேயே சேர்த்திருக்கிறோம்.

இரைச்சல் நீக்கத்தில் நான் கஞ்சன். ஊசி பள்ளத்தில் இறங்கியதும் பாட்டுத் தொடங்கும் முன் வரும் வெற்று ஓட்டத்தை மாதிரியாகக் கொடுத்தால் மென்பொருள் அதே இரைச்சலைப் பாட்டு முழுவதிலும் கழித்துவிடும். கொஞ்சம் கூடுதலாகக் கழித்தால் சகர, ஷகர ஒலிகள் மழுங்கும். ஜாலராவின் கணீர் ஒலி தண்ணீருக்கடியில் போனது போலாகும். பிருகாக்கள், அதாவது வேகமாக உருளும் சுரக்கோவைகள், ஒன்றோடொன்று வழுக்கி ஒட்டிக்கொள்ளும். துல்லியமான பிருகாதான் இந்த மனிதரின் அடையாளம். எஸ்.ஜி. கிட்டப்பா மறைந்த பிறகு அவருடைய பாணிக்கு வாரிசு என்று மக்கள் இவரைச் சொன்னதற்கே அதுதான் காரணம். 'பட்', 'டிக்' என்ற பெரிய வெடிப்புகளை ஒவ்வொன்றாகக் கையால் நீக்கினோம். தொடர்ந்த இரைச்சலைப் பாதியளவுக்குக் குறைத்துவிட்டு நிறுத்திக்கொண்டோம். தமிழாசிரியருக்கு இது முழுத் திருப்தி இல்லை. 'இன்னும் கொஞ்சம் குறைக்கலாமே' என்றார். முழுக்கக் குறைத்த ஒன்றையும் பாதி குறைத்த ஒன்றையும் எது எதுவென்று சொல்லாமல் போட்டுக் காட்டினேன். இரைச்சல் உள்ளதையே தேர்ந்தெடுத்தார்.

படங்களுக்கு வருகிறேன். அக்காலத் திரையரங்குகளில் விற்ற பாட்டுப் புத்தகங்கள்தான் எங்களுக்குக் கிடைத்த நல்ல மூலம்: கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், பாட்டுகள் எல்லாம் அதில் இருக்கும். தாள் அப்பளமாய் நொறுங்குவதால் ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தாமல், மேலிருந்து கேமராவால் எடுத்தோம். இரண்டு பக்கமும் 45 பாகை சாய்வில் விளக்கு. புள்ளி புள்ளியாக அச்சிட்ட படங்களைத் திரை முழுக்கப் பெரிதாக்கினால் அலை அலையான கோலம் விழும். அவற்றைத் திரையில் கால் பங்குக்கு மேல் பெரிதாக்காமல், புத்தகப் பக்கத்தோடு சேர்த்தே காட்டினோம். வீடுகளில் சட்டம் போட்டு மாட்டியிருந்த புகைப்படங்களைக் கண்ணாடியை விட்டுப் பிரிக்கவில்லை. பல ஆண்டுக் கசிவில் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு ஒட்டியிருந்தால், பிரிக்கும்போது முகம் கண்ணாடியோடு போய்விடும். கேமராவுக்கு முன்னால் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டு, லென்ஸ் மட்டும் எட்டிப்பார்க்கும்படி ஓட்டை வைத்து எடுத்தால் கண்ணாடியில் பிரதிபலிப்பு விழாது.

படக் காட்சிகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உருவத்தின் அகலம். பழைய படங்களின் சட்டம் அகலத்துக்கு 1.37, உயரத்துக்கு 1 என்ற விகிதம். இன்றைய அகலத் திரைக்காக இழுத்துவிட்ட பிரதிகளில் ஒல்லியாக இருந்த இளைஞர் மகாலிங்கம் நடுத்தர வயதுக்காரர் போல் பருத்துவிடுகிறார். காட்சியில் வட்டமாக இருக்க வேண்டிய ஏதாவது ஒன்றைத் தேடி, மிருதங்கத்தின் வலந்தலையோ நெற்றிப் பொட்டோ வட்டமாகும்வரை அகலத்தைக் குறைத்துவிட்டால் சரியாகிவிடும். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும்.

பின்னணி பாடியவர்களின் பெயரை அந்தந்தக் காட்சியிலேயே எழுத வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். 'நந்தகுமா'ரில் தேவகியின் பாட்டுக்கு லலிதா வெங்கட்ராமன் குரல் கொடுத்தார். தமிழில் பின்னணிப் பாட்டின் தொடக்கம் என்று அதைச் சொல்கிறார்கள். 'ஸ்ரீவள்ளி'யில் வள்ளியாக நடித்த குமாரி ருக்மணியின் பாட்டு மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தி தராததால், பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து அந்தக் குரலை ருக்மணியின் வாயசைப்பின்மேல் ஏற்றினார்கள். அந்தப் படத்தில் முகமும் குரலும் ஒருவருடையதாகவே இருந்தவர் மகாலிங்கம். கதாநாயகனே பாட வேண்டும் என்ற காலம் முடியத் தொடங்கியதும், அந்தக் காலத்தின் பெரிய வெற்றியும் ஒரே படத்தில் இருக்கின்றன. அவருடைய பிற்கால வாழ்க்கையின் ஏற்ற இறக்கத்துக்கான காரணத்தை நாங்கள் இங்கிருந்தே சொல்லத் தொடங்கினோம்.

பேட்டி எடுக்கும் வேலையில் செட்டிநாட்டு வீடு அழகான எதிரி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுவர், உயர்ந்த கூரை. பட்டாலை எனும் கூடத்தில் ஒருமுறை கை தட்டினால் ஒலி அடங்க வெகுநேரம் பிடிக்கும். முகப்பில் உட்காரவைத்துத் தூண்களைப் பின்னணியாக்கினால் படம் கண்ணைப் பறிக்கும், பேச்சு ஒன்றும் புரியாது. சட்டையில் மாட்டும் சிறு ஒலிவாங்கியை மோவாய்க்கு ஒரு சாண் கீழே வைத்து, கேமராவில் படாத இடங்களிலெல்லாம் ஜமுக்காளமும் மெத்தையும் விரித்தும் சாய்த்தும் வைத்தோம். விளக்கக் குரலை மட்டும் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், மூட்டையும் துணியும் அடைத்துக்கிடந்த சாமான் அறையில் பதிவு செய்தோம். ஸ்டுடியோ வாடகை மிச்சம்.

எங்களுக்குக் கிடைத்த பேட்டிகளில் மிக உதவியது ஒரு ஆச்சியினுடையது. சிறுமியாக இருந்தபோது ரஸ்தா வழியாகக் கூட்டுவண்டியில் வந்திருக்கிறார். இரவில் கொட்டகைப் பக்கம் பகல் போல வெளிச்சம் தெரிந்ததையும், ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டதையும் சொன்னார். 'மகாலிங்கத்தைப் பார்த்தீங்களா ஆச்சி?' என்று ஆசிரியர் கேட்டார். 'பார்த்தேன்னு பொய் சொல்லவா தம்பி? மனுஷரைப் பார்க்கல. பாட்டுத்தான் காதுல விழுந்துச்சு' என்றார். எந்த ஆண்டு என்று கேட்டதற்கு, 'வருஷம் யாரு கண்டா, எங்க அக்கா கல்யாணத்துக்கு முந்தி' என்ற பதில் வந்தது. நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தத் தாளை எழுதிக் கையெழுத்திடும் வழக்கம் உண்டு. அந்த வீட்டில் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதில் 'விய வருடம் ஆவணி' என்று இருந்தது. அதாவது 1946ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர். 'நாம் இருவர்' 1947 ஜனவரியில் வெளிவந்தது என்பதால், கொட்டகையில் படப்பிடிப்பு நடந்த காலத்தோடு நினைவு பொருந்துகிறது. முதியவர்களின் நினைவை ஆண்டோடு இணைப்பதற்குச் செட்டிநாட்டில் இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. வாய்மொழி வரலாறு எடுப்பவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

ரஸ்தாவில் கொட்டகையை மீண்டும் போட்டு நடிகர்களை வைத்துக் காட்டலாமா என்ற யோசனையை உடனே கைவிட்டோம். ரயில் நிலையப் பெயர்ப்பலகையும், சாலையும், அவற்றின்மேல் ஆச்சியின் குரலும் போதுமாயிருந்தன.

1950களின் முற்பகுதியைச் சொல்வதுதான் தொகுப்பில் கடினமாக இருந்தது. சொந்தமாகப் படம் எடுக்க இறங்கிய மகாலிங்கம் 'மோகன சுந்தரம்' (1951), 'சின்னத்துரை' (1952), 'விளையாட்டு பொம்மை' (1954) என்று தொடர்ந்து எடுத்துப் பணத்தை இழந்தார். சோக இசையைப் போட்டு, மங்கிய தெருவிளக்கைக் காட்டி, கண்ணீர் வரவழைக்கும் பகுதியாக இதை ஆக்குவது எளிது. நாங்கள் அந்த ஆண்டுகளைப் படங்களின் பெயர்களை மட்டும் வரிசையாகக் காட்டி, ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிட்டோம். அடுத்து வருவதே வேண்டிய விளக்கத்தைத் தந்துவிடுகிறது: 1958இல் 'மாலையிட்ட மங்கை', 'செந்தமிழ்த் தேன்மொழியாள்'. அந்தப் படத்தைத் தயாரித்துப் பாட்டையும் எழுதிய கண்ணதாசன் சிறுகூடல்பட்டிக்காரர். அதில் நகைச்சுவை வேடத்தில் திரைக்கு அறிமுகமான மனோரமா பள்ளத்தூரில் வளர்ந்தவர். 1940களில் மகாலிங்கத்தைக் கதாநாயகனாக வைத்துப் படமெடுத்த மண்ணைச் சேர்ந்தவர்களே பத்தாண்டுக்குப் பின் அவரை மீண்டும் பாடவைத்தார்கள். எங்கள் ஊர்ப் பெருமையை இந்த ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் அனுமதித்துக்கொண்டோம்.

இந்த இடத்தில்தான் உரிமைச் சிக்கலும் வந்தது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் அவற்றை ஆக்கியவர் மறைந்த பின் 60 ஆண்டுகள். 1945ஆம் ஆண்டுப் படத்தின் காலம் முடிந்து நெடுநாளாயிற்று. 1958ஆம் ஆண்டுப் படத்துக்கும் 2018 கடைசியோடு முடிந்தது. ஆனால் கண்ணதாசன் மறைந்தது 1981இல். அவருடைய வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. படம் பொதுவாகிவிட்டதே என்று பாட்டு முழுவதையும் போட்டுவிட முடியாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சட்டம் அறிந்த நண்பரிடம் கலந்துகொண்டு, 1958, 1965 பாட்டுகளில் விமரிசனத்துக்குத் தேவையான சிறு பகுதிகளை மட்டும் எடுத்து, அவற்றுக்கு முன்னும் பின்னும் அந்த இடத்தின் இசையைப் பற்றிய பேச்சை வைத்தோம். முழுப் பாட்டாக ஒலிப்பது 1945ஆம் ஆண்டுப் பாட்டு மட்டுமே.

1965இல் வந்த 'திருவிளையாட'லில் பாணபத்திரராக அவர் பாடும் பகுதி மூன்றாவது தூண். ஹேமநாத பாகவதராக நடித்த டி.எஸ். பாலையாவுக்கு பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். சிவாஜி கணேசனுக்கு டி.எம். சௌந்தரராஜனின் குரல், அந்தக் கதையில் பாட்டுக்காரர்களாக வருபவர்களில் தன் வாயால் தானே பாடியவர் மகாலிங்கம். இந்தச் செய்தியைக் குரல் விளக்கமாகச் சொல்லாமல், ஒவ்வொரு முகத்தின் கீழும் குரலுக்குரியவரின் பெயரை எழுதினோம். மகாலிங்கத்தின் முகத்துக்குக் கீழே மீண்டும் மகாலிங்கம் என்றே வந்தது. 20 ஆண்டு இடைவெளியில் குரல் சற்றுக் கனத்திருக்கிறது, உச்சம் மாறவில்லை. 1945ஆம் ஆண்டுப் பதிவின் வேகத்தைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே பொருள் இருந்திருக்காது. குரல் இறங்கிவிட்டது என்று தவறாக எழுதியிருப்போம். 1978இல் அவர் மறைந்ததை ஒரு வரியில் எழுத்தாகக் காட்டிப் படம் முடிகிறது.

வேலை முடிந்தபின் தட்டுகளை உரியவர்களிடம் திருப்பித் தந்தோம்; பழுப்பேறிய பழைய உறைகளோடு அமிலமற்ற காகித உறைகளையும் சேர்த்து, படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வைக்கச் சொல்லிவிட்டு வந்தோம். எதுவும் நீக்காத முதல் பதிவுகளை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளாகத் தனித்தனி வட்டுகளில் மூன்று பிரதிகள் வைத்திருக்கிறோம். ஒன்று மதுரையில் நண்பர் வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தட்டின் எண், ஊசியின் பருமன், சுழன்ற வேகம், எந்தச் சுவரின் தடம் என்ற நான்கும் இருக்கின்றன. பின்னால் யாராவது இன்னும் நல்ல கருவியோடு வந்தால் எங்கள் இரைச்சல் நீக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அங்கிருந்து தொடங்கலாம்.